96 பிள்ளைகள், 4 பயிற்றுநர்கள்: வாரம் எத்தனை நாள், குழுவுக்கு எத்தனை பேர்?

கேள்வி: நான் ஒரு பள்ளியின் தலைமையாசிரியை. 4, 5, 6 ஆம் வகுப்புகளில் வாசிப்பிலும் கணக்கிலும் பின்தங்கியிருக்கும் 96 பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி தொடங்கப்போகிறோம். நான்கு பயிற்றுநர்கள் கிடைத்திருக்கிறார்கள். நால்வரும் பட்டதாரிகள், ஆனால் ஆசிரியர் பயிற்சி பெறாதவர்கள். திங்கள் முதல் வியாழன் வரை, நாளுக்கு 40 நிமிட பீரியடு இரண்டு ஒதுக்க முடியும். ஆண்டுத் தேர்வுக்கு முன் 34 வாரம் இருக்கிறது. ஆறு ஆறு பேராகப் பிரித்து எல்லாருக்கும் வாரம் இரண்டு நாள் கொடுத்தால் ஒருவரும் விடுபடமாட்டார்கள் என்கிறது நிர்வாகம். குழு சிறிதாக இருந்தால்தான் பலன் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் சிறிதாக்கினால் பாதிப் பிள்ளைகள் வெளியே நிற்பார்கள். மிகவும் பின்தங்கியவர்களுக்கு ஆளுக்கொரு பயிற்றுநர் வைக்கலாமா? பள்ளி முடிந்த பிறகு நடத்தலாமா? எப்படி முடிவெடுப்பது?

பதில்: வணக்கம். கணக்குப் போடத் தேவையான எல்லா எண்களையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். எனவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

4 பயிற்றுநர்கள், 4 நாட்கள், நாளுக்கு 2 பீரியடு. மொத்தம் வாரத்துக்கு 32 பீரியடு. உங்கள் கையிருப்பு இவ்வளவுதான். நிர்வாகத்தின் திட்டம் இதை முழுதாகச் செலவழித்துவிடுகிறது: 96 பிள்ளைகள் ஆறு ஆறாக 16 குழு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள், ஆக 32. தாளில் பார்த்தால் குறையே தெரியாது. ஆனால் அந்தத் திட்டம் பிள்ளைகளின் எண்ணிக்கையிலிருந்து தொடங்கியிருக்கிறது. 96 பேரும் உள்ளே வரவேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டதால், நாட்களும் குழு அளவும் மிச்சம் மீதியில் அமைந்துவிட்டன.

நான் சொல்லப்போவது இந்த வரிசையைத் திருப்பிப்போடுவது. முதலில் வாரத்துக்கு எத்தனை நாள் என்பதை உறுதி செய்யுங்கள். அடுத்து குழுவில் எத்தனை பேர் என்பது. இரண்டும் முடிவான பிறகு, ஒரே சமயத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு இடம் இருக்கிறது என்று பாருங்கள். 34 வாரம் நீண்ட காலம். எல்லாரும் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

நாட்களை ஏன் முதலில் வைக்கிறேன் என்று சொல்கிறேன். பின்தங்கிய பிள்ளைக்குக் கற்றது நிலைப்பதற்கு முன்பே இடைவெளி விழுந்துவிடுகிறது. ஒரு சிறுமி செவ்வாய்க்கிழமை ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் பிடித்து, 'கொடி'யைக் 'கோடி' என்று படிக்காமல் சரியாகப் படித்துவிடுகிறாள். அடுத்த வகுப்பு புதன்கிழமை என்றால் அந்தப் பிடி இன்னும் கையில் இருக்கும், அதன் மேல் புதிய சொற்களை ஏற்றலாம். அடுத்த வகுப்பு வரும் திங்கட்கிழமை என்றால் முதல் பத்துப் பதினைந்து நிமிடம் பழையதையே மறுபடி சொல்லிக்கொடுப்பதில் போய்விடும். கற்ற புதிதில்தான் மறதி வேகமாக நடக்கிறது என்று ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இலேயே தன்னைத்தானே சோதித்து எழுதிவைத்தார். வாரம் இரண்டு நாள் திட்டத்தில் 40 நிமிடம் 40 நிமிடமாக இருப்பதில்லை. மறதிக்குக் கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்துவிட்டுத்தான் மிச்சம் கைக்கு வரும்.

நன்றாகப் பலன் தந்த தனிப்பயிற்சித் திட்டங்களில் பெரும்பாலானவை வாரம் குறைந்தது மூன்று நாள் நடந்தவை. பிரிட்டனில் கல்வி ஆய்வுகளைத் தொகுத்துப் பள்ளிகளுக்கு வழிகாட்டும் எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷன், சுமார் அரை மணி நேர வகுப்புகளாக, வாரம் மூன்று முதல் ஐந்து முறை, பத்து வாரம் வரை என்ற அமைப்பையே நல்ல பலன் தருவதாகச் சொல்கிறது. வாசிப்புக்கென்றே நியூசிலாந்தில் மேரி கிளே 1970களில் உருவாக்கிய 'ரீடிங் ரிகவரி' முறையில் தினமும் 30 நிமிடம், 12 முதல் 20 வாரம். இரண்டிலும் பொதுவாக இருப்பது நெருக்கம்: குறுகிய காலம், இடைவெளி விடாத வகுப்புகள்.

குழு பெரிதாக இருந்தும் பலித்த ஒரு முயற்சியையும் சொல்ல வேண்டும். கல்வித் தொண்டு நிறுவனமான பிரதம் மும்பையிலும் வடோதராவிலும் நடத்திய 'பால்சகி' திட்டத்தில், 15 முதல் 20 பிள்ளைகள் கொண்ட குழுவைப் பள்ளி நேரத்திலேயே வெளியே அழைத்து, தினம் இரண்டு மணி நேரம் அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்கள். 2007இல் வெளியான ஆய்வு, அதில் சேர்ந்த பள்ளிகளின் மதிப்பெண் தெளிவாக உயர்ந்ததைக் காட்டியது. குழு அவ்வளவு பெரிதாக இருந்தும் ஏன் பலித்தது? வகுப்பு தினமும் நடந்தது. பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கினார்கள். எனவே குழுவைச் சிறிதாக்கினால் போதும் என்று நினைத்து நாட்களைக் குறைத்துவிடாதீர்கள். வாரம் ஒரு நாள், மூன்று பேர் குழு என்று ஒரு திட்டத்தை யாராவது கொண்டுவந்தால், அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஆனாலும் உங்களிடம் இரண்டு மணி நேரம் இல்லை, 40 நிமிடம்தான் இருக்கிறது. அவ்வளவு குறுகிய நேரத்தில் குழுவின் அளவு முக்கியமாகிவிடுகிறது. ஒரே ஒரு கணக்கை வைத்துக் காட்டுகிறேன்.

52 − 27 என்று பலகையில் எழுதுகிறீர்கள். இரண்டு பிள்ளைகள் 35 என்று எழுதிக் காட்டுகிறார்கள். விடை 25. இருவரும் ஒரே தப்பைச் செய்ததுபோலத் தெரியும். ஒருவன் 2இலிருந்து 7 போகாது என்று பார்த்து, 7இலிருந்து 2ஐக் கழித்து 5 என்று எழுதினான். பிறகு 5இல் 2 போனால் 3. அவனுக்குக் கழித்தல் என்றால் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதை எடுப்பது, அவ்வளவுதான். மற்றவன் முறையாகக் கடன் வாங்கி 2ஐ 12 ஆக்கினான், 12இல் 7 போக 5 எழுதினான். கடன் கொடுத்த 5ஐ 4 ஆக்க மறந்துவிட்டான். அதனால் அவனுக்கும் 5இல் 2 போக 3. முதல் பிள்ளைக்கு இட மதிப்பே பிடிபடவில்லை. குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, பிரித்து, எண்ணி, பல நாள் வேலை இருக்கிறது. இரண்டாவது பிள்ளைக்கு 5ஐ அடித்து மேலே 4 எழுதும் பழக்கம் போதும், இரண்டொரு நாளில் சரியாகிவிடும்.

மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் மேசையில் பயிற்றுநர் பென்சில் நகர்வதைப் பார்க்கிறார். சந்தேகம் வந்தால் 40 − 18 கொடுத்துப் பார்ப்பார். முதலாமவன் 38 என்பான், இரண்டாமவன் 32 என்பான். வேறுபாடு உடனே வெளியே வந்துவிடும். ஆறு பேர் இருந்தால் அவருக்குத் தெரிவது 35 என்ற விடை மட்டும். "தப்பு, கடன் வாங்கிப் போடு" என்று இருவருக்கும் ஒரே திருத்தம் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவார். முதலாமவனுக்கு அந்தச் சொற்கள் எதையும் திறக்காது. அதற்காகத்தான் குழுவைச் சிறிதாக்கச் சொல்கிறேன். கூட்டம் குறைந்தால் அமைதியாக இருக்கும், ஒழுங்கு இருக்கும் என்பதெல்லாம் பிறகு.

வாசிப்பில் இன்னும் கறார். ஒரு பிள்ளை வாய்விட்டுப் படிக்கும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். மூன்று பேரில் முறை சீக்கிரம் வரும். ஆறு பேரில் ஐந்து பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள், அதில் இரண்டு பேர் கேட்கவும் மாட்டார்கள். எனவே எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு மூன்று பேருக்கு மேல் வேண்டாம். கணக்கில் நான்கு பேர் வரை போகலாம், ஏனென்றால் நால்வரும் ஒரே நேரத்தில் போட்டுக்கொண்டிருக்க முடியும்.

ஆளுக்கொரு பயிற்றுநர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிர்வாகத்தில் யாராவது அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூமின் 1984ஆம் ஆண்டுக் கட்டுரையை எடுத்துக்காட்டலாம். தனியாகச் சொல்லிக்கொடுத்தால் சராசரி மாணவரும் வகுப்பின் உச்சிக்குப் போய்விடுவார் என்ற அளவுக்கு அதில் பலன் சொல்லப்பட்டது. பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் அந்த அளவு பலன் தெரியவில்லை. 2020இல் 96 பரிசோதனைகளைத் தொகுத்த ஆய்வில் தனிப்பயிற்சியின் சராசரிப் பலன் 0.37 திட்டவிலக்கம். நூறு பேரில் நடுவில் நின்ற பிள்ளை, கீழிருந்து எண்ணினால் சுமார் 64ஆவது இடத்துக்கு ஏறியதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுவே கல்வியில் மிகப் பெரிய முன்னேற்றம், இதற்கே உழைக்கலாம்.

தனியொருவருக்கும் சிறு குழுவுக்கும் உள்ள வித்தியாசம் நாம் நினைக்கும் அளவு இல்லை. நான் மேலே சொன்ன பிரிட்டன் அமைப்பின் கணக்குப்படி, தனியொருவர் பயிற்சியில் சராசரியாக ஐந்து மாதக் கூடுதல் முன்னேற்றம், சிறு குழுவில் நான்கு மாதம். ஒரே பீரியடில் ஒரு பிள்ளைக்கு ஐந்து மாதமா, மூன்று பிள்ளைகளுக்கு நான்கு நான்கு மாதமா? உங்கள் நிலையில் இரண்டாவதுதான் சரி. விதிவிலக்கு ஒன்று: மூன்று பேர் நடுவில் வாயே திறக்காத பிள்ளை, அல்லது எழுத்துகளையே இன்னும் அடையாளம் காணாத பிள்ளை. அவர்களுக்கு மட்டும் முதல் இரண்டு மூன்று வாரம் தனியாகக் கொடுத்து, பிறகு குழுவில் சேருங்கள்.

இப்போது உங்கள் 96 பேருக்கு வருவோம். இது மதிப்பெண்ணை வைத்துப் போட்ட பட்டியல் என்று நினைக்கிறேன். மதிப்பெண் குறைவதற்குப் பல காரணங்கள். சிலருக்கு வாசிக்க வராது. சிலருக்கு வாசிக்க வரும், கணக்கில் ஓரிடத்தில் நின்றுவிட்டார்கள். சிலர் ஒரு மாதம் உடம்பு சரியில்லாமல் வரவில்லை. தேர்வில் பயந்துபோகிற பிள்ளைகளும் இருப்பார்கள். நான்கு வகையினரையும் ஒரே குழுவில் போட்டால் யாருக்கும் பாடம் பொருந்தாது.

ஆளுக்குப் பத்து நிமிடம் வாய்மொழிச் சோதனை வையுங்கள். எழுத்து, சொல், எளிய பத்தி, சிறுகதை என்று வரிசையாகக் கொடுத்து, எங்கே நிற்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கணக்கில் எண்களை அறிதல், கூட்டல், கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல், பின்னம். 96 பேருக்கு 16 மணி நேரம் ஆகும். நான்கு பயிற்றுநர்களும் பங்கிட்டால் ஆளுக்கு 4 மணி, உங்கள் 80 நிமிட ஒதுக்கீட்டில் மூன்றே நாள். சோதனையைப் பயிற்றுநர்களே நடத்தட்டும். பிள்ளைகளை அறிவதற்கு அவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

குழுவை இந்த நிலைப்படி பிரியுங்கள், வகுப்புப்படி வேண்டாம். பத்தி படிக்கத் தடுமாறும் 6ஆம் வகுப்புப் பிள்ளையும் அதே இடத்தில் நிற்கும் 5ஆம் வகுப்புப் பிள்ளையும் ஒன்றாக உட்காரலாம். பெரிய பிள்ளைக்குக் கூச்சம் வரும் என்று தோன்றினால் இரண்டு பெரிய பிள்ளைகளைச் சேர்த்துப் போடுங்கள்.

சோதனை முடிந்ததும் வாசிப்புக்கு 36 பேர், கணக்குக்கு 32 பேர் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம், வழிமுறை ஒன்றுதான்.

வாசிப்புக்கு இரண்டு பயிற்றுநர்கள். ஒருவருக்கு வாரம் 8 பீரியடு. ஒரு குழுவுக்கு வாரம் நான்கு நாளும் வகுப்பு என்றால் ஆளுக்கு இரண்டு குழு, குழுவுக்கு மூன்று பேர். இருவரிடமும் சேர்த்து ஒரு நேரத்தில் 12 பிள்ளைகள். பத்து வாரம் ஒரு சுற்று. மூன்று சுற்றில் 36 பேர். ஒவ்வொரு பிள்ளைக்கும் 40 வகுப்பு.

கணக்குக்கு மற்ற இருவர். வாரம் மூன்று நாள், குழுவுக்கு நான்கு பேர், 15 வாரம் ஒரு சுற்று. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. இருவரிடமும் சேர்த்து 16 பீரியடு, மூன்றால் வகுத்தால் ஐந்து குழு வரும் என்று தாள் சொல்லும். ஆனால் ஆளுக்கு 8 பீரியடில் இரண்டு குழுதான் முழுதாக அடங்கும். ஐந்தாவது குழு ஒருவரிடம் இரண்டு நாளும் மற்றவரிடம் ஒரு நாளுமாக அலையும். செய்யாதீர்கள். பிள்ளைக்கு ஒரே பயிற்றுநர் இருப்பது, ஒரு குழு கூடுவதைவிடப் பெரிது. தன்னுடைய தப்பு எது என்று அறிந்த ஒருவரிடம் திரும்பத் திரும்பப் போவதில்தான் இந்த முறையின் பலமே இருக்கிறது. ஆகவே நான்கு குழு, 16 பிள்ளைகள், இரண்டு சுற்றில் 32 பேர், ஆளுக்கு 45 வகுப்பு.

கணக்குப் பயிற்றுநர்களிடம் ஆளுக்கு இரண்டு பீரியடு, மொத்தம் நான்கு மிஞ்சும். அதை நிரப்பிவிடச் சொல்வார்கள், கொடுக்காதீர்கள். இரண்டை வகுப்பைத் தவறவிட்ட பிள்ளைகளுக்கு வையுங்கள், வாசிப்புப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். மற்ற இரண்டில், சுற்று முடித்துப் போன பிள்ளைகளை அவ்வப்போது அழைத்துப் பாருங்கள், ஏறியது இறங்கிவிட்டதா என்று.

வாசிப்பின் மூன்று சுற்றுக்கும் 30 வாரம், கணக்கின் இரண்டு சுற்றுக்கும் அதே 30 வாரம். மிச்சம் நான்கு. முதல் இரண்டு வாரம் சோதனைக்கும் பயிற்றுநர்களைத் தயார் செய்வதற்கும். மற்ற இரண்டு வாரம் எப்படியும் விடுமுறையிலும் தேர்விலும் போய்விடும்.

வாசிப்பு, கணக்கு இரண்டும் வராத பிள்ளையை முதலில் வாசிப்பில் சேருங்கள். கேள்வியைப் படிக்க முடியாத பிள்ளை கணக்கில் எவ்வளவு தேறினாலும் தேர்வுத்தாளில் அது தெரியாது. முதல் சுற்றை முடித்ததும் கணக்கின் இரண்டாம் சுற்றில் இடம் கொடுக்கலாம்.

இந்தத் திட்டத்தைக் கொண்டுபோனால் நிர்வாகம் உங்களிடம் ஒன்று கேட்கும், நியாயமான கேள்விதான்: "எங்கள் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 68 வகுப்பு. உங்கள் திட்டத்தில் 40. குறைத்துவிட்டீர்களே?" பதிலுக்குத் தயாராகப் போங்கள். ஆறு பேர் குழுவில் 40 நிமிடத்தைப் பங்கிட்டால் ஒரு பிள்ளைக்கு ஏழு நிமிடத்துக்கும் குறைவு. 68 வகுப்பிலும் சேர்த்து ஏழரை மணி நேரம். மூன்று பேர் குழுவில் பதின்மூன்று நிமிடத்துக்கு மேல், 40 வகுப்பில் ஏறக்குறைய 9 மணி. நான்கு பேர் குழுவில் பத்து நிமிடம், 45 வகுப்பில் அதே ஏழரை மணி. கவனிப்பு குறையவில்லை, வாசிப்பில் கூடியிருக்கிறது. அந்தக் கவனிப்பு ஒரு வருஷம் முழுக்கச் சிதறிக் கிடக்காமல் பத்து வாரத்தில் அல்லது பதினைந்து வாரத்தில் சேர்ந்து விழுகிறது. முதல் சுற்றில் வாசிக்கக் கற்ற பிள்ளை மிச்சமுள்ள வாரங்களில் தன் வகுப்புப் பாடத்தையே படித்துக்கொள்ளும். இந்தப் பங்குக் கணக்கு துல்லியமானது என்று சொல்லமாட்டேன், பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்வதிலிருந்தும் பிள்ளை கற்கும். இருந்தாலும் ஒப்பிட்டுக் காட்ட இது போதும்.

பள்ளி முடிந்த பிறகு வேண்டாம். களைப்பு ஒரு காரணம். வீட்டுக்குத் தம்பி தங்கையைக் கூட்டிப்போக வேண்டிய பிள்ளைதான் முதலில் நின்றுவிடும் என்பது இன்னொரு காரணம். உங்கள் பட்டியலில் அப்படிப்பட்ட பிள்ளைகள்தான் அதிகம் இருப்பார்கள். 2020 தொகுப்பாய்விலும் பள்ளி நேரத்தில் நடந்த பயிற்சிக்கே கூடுதல் பலன் தெரிந்தது. பள்ளி நேரத்தில் எந்தப் பீரியடை எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். விளையாட்டு, ஓவியம் இரண்டையும் தொடாதீர்கள். படிப்பில் தோற்ற பிள்ளைக்குப் பள்ளியில் மிஞ்சியிருக்கும் சந்தோஷம் அதுதான், அதைப் பிடுங்கினால் தனிப்பயிற்சியைத் தண்டனையாகவே நினைக்கும். கணக்குக்குப் போகிற பிள்ளை தன் வகுப்பின் கணக்குப் பாடத்தைத் தவறவிடுவதும் கூடாது. முடிந்தால் 4, 5, 6 மூன்று வகுப்புக்கும் ஒரே நேரத்தில் மறுபார்வைப் பீரியடு வையுங்கள். மற்றவர்கள் வாசிப்பிலும் வீட்டுப்பாடத்திலும் இருக்கும்போது இவர்கள் எழுந்து போனால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அழைக்கும்போது "மெல்லக் கற்கும் பிள்ளைகள் எழுந்து வாங்க" என்று வகுப்பறை வாசலில் நின்று எவரும் சொல்லக் கூடாது. இதைப் பயிற்றுநர்களிடமும் வகுப்பாசிரியர்களிடமும் நேரில் சொல்லிவிடுங்கள்.

உங்கள் பயிற்றுநர்கள் ஆசிரியர் பயிற்சி பெறாதவர்கள் என்பதில் மனம் தளர வேண்டாம். சிகாகோ உயர்நிலைப் பள்ளிகளில் கணக்குக்காக நடந்த சாகா திட்டத்தில் சொல்லிக்கொடுத்தவர்களும் பெரும்பாலும் அப்படிப்பட்ட பட்டதாரிகள்தான். ஒருவருக்கு இரண்டு மாணவர், தினம் ஒரு பீரியடு. நல்ல பலன் கிடைத்தது. ஆனால் அவர்களை முன்பே தயார் செய்தார்கள், கூடவே ஒருவர் மேற்பார்த்தார். நீங்களும் பாடத்திட்டத்தைக் கையில் கொடுங்கள், "உங்களுக்குத் தோன்றியதைச் சொல்லிக்கொடுங்கள்" என்று விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் வந்து உட்காரவே ஐந்து நிமிடம் போகும், மிச்சம் 35. நேற்றையதை நினைவிலிருந்து சொல்லச் செய்வது ஐந்து நிமிடம், புதிய ஒன்று பத்து நிமிடம், பிள்ளைகள் தாமாகச் செய்வது பதினைந்து, கடைசி ஐந்தில் ஆளுக்கு ஒரு கேள்வி. அந்தக் கடைசிக் கேள்வியின் விடையைப் பயிற்றுநர் ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவைக்கட்டும். மறுநாள் எங்கே தொடங்குவது என்பதை அந்த நோட்டு சொல்லும். வாரம் ஒருமுறை நீங்கள் அதைப் புரட்டிப் பார்த்தால் போதும், யார் நகரவில்லை என்று தெரிந்துவிடும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை குழுவை மாற்றியமைக்கலாம். அதற்கு முன் மாற்றினால் பழகவே நேரம் இருக்காது.

வருகைப்பதிவைப் பிள்ளைவாரியாக வையுங்கள். "40 வகுப்பு நடந்தது" என்பது உங்களுக்கு எதையும் சொல்லாது. வாரம் ஒரு நாள் தவறும் பிள்ளைக்குக் கிடைத்தது 30தான். தொடர்ந்து இரண்டு வகுப்புக்கு வராவிட்டால் அன்றே வகுப்பாசிரியர் வீட்டுக்குப் பேசட்டும்.

நடுவில் ஒரு பயிற்றுநர் நின்றுவிட்டால் எதை விடுவது என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள், அப்போது பதற்றத்தில் முதலில் வெட்டுவது நாட்களைத்தான். குழுவை மூன்றிலிருந்து நான்காக்குங்கள். 40 நிமிடத்தை 30 ஆக்கி, அதே 80 நிமிடத்தில் இன்னொரு குழுவுக்குப் பாதி வழி இடம் தேடாதீர்கள், பயிற்றுநர் ஓட்டமும் நடையுமாகிவிடுவார். அடுத்த சுற்றில் சேரும் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். வாரம் மூன்று நாளுக்குக் கீழே மட்டும் இறங்காதீர்கள்.

இனி உங்கள் மனதை உறுத்தும் விஷயம், வெளியே நிற்கும் பிள்ளைகள். பட்டியலில் மீதமுள்ள 28 பேருக்கு (வாசிப்பு, கணக்கு இரண்டிலும் சேரும் பிள்ளைகள் இருந்தால் இந்த எண் கொஞ்சம் கூடும்) வேண்டியது தனிப்பயிற்சி அல்ல. விட்டுப்போன பாடத்தைத் திருப்பிச் சொல்வதும் நிறையப் பயிற்சியும்தான், அதை வகுப்பாசிரியர்கள் செய்ய முடியும். பயிற்றுநர்கள் வராத வெள்ளிக்கிழமையை அதற்கு ஒதுக்கலாம். எனக்கு அதிகக் கவலை வாசிப்பில் மூன்றாம் சுற்றுக்குக் காத்திருக்கும் 12 பேரைப் பற்றி. இருபது வாரம் சும்மா காத்திருக்க விடக் கூடாது. அவர்கள் வகுப்பிலேயே நன்றாகப் படிக்கும் ஒரு பிள்ளையோடு ஜோடி சேர்த்து, தினம் பத்து நிமிடம் இருவரும் சேர்ந்து வாய்விட்டுப் படிக்கட்டும். அது தனிப்பயிற்சிக்கு ஈடாகாது. ஆனாலும் தினமும் எழுத்து கண்ணில் படும், வாயில் வரும். சுற்று வருவதற்குள் இரண்டொருவர் தாமாகவே ஒரு படி ஏறியிருக்கலாம்.

யார் முதல் சுற்று என்பதில் வகுப்பையோ பெற்றோரின் குரலையோ பார்க்காதீர்கள். வாசிப்பில் மிகக் கீழே நிற்பவர்கள் முதலில். இரண்டு பேர் ஒரே இடத்தில் நின்றால் 6ஆம் வகுப்புப் பிள்ளைக்கு இடம் கொடுங்கள், அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு பாடமும் தினமும் கைநழுவிக்கொண்டிருக்கிறது.

பெற்றோர் கூட்டத்தில் இந்தச் சுற்று முறையைப் பொதுவாகச் சொல்லிவிட்டு, தேதியை மட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக எழுத்தில் கொடுங்கள்: உங்கள் பிள்ளைக்கு இந்த வாரம் தொடங்கும், இத்தனை வகுப்பு, இன்னார் சொல்லிக்கொடுப்பார். "பிறகு பார்க்கலாம்" என்று சொன்னால் எந்தப் பெற்றோரும் நம்பமாட்டார்கள். தேதி போட்ட தாளை நம்புவார்கள், அந்தத் தேதி வந்ததும் உங்களிடம் வந்து கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். முதல் சுற்றின் பத்தாவது வாரத்தில் அதே வாய்மொழிச் சோதனையை 12 பேருக்கும் மறுபடி நடத்துங்கள். முன் நிலை, பின் நிலை, கிடைத்த வகுப்புகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் ஒரே தாளில் போட்டு நிர்வாகத்திடம் வையுங்கள், எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். நகராத பிள்ளைகள் இருந்தால் இரண்டாம் சுற்றை எப்படி மாற்றுவது என்று சேர்ந்து பார்க்கலாம்.